மெசினில் பிழை இல்லை: ஒட்டுத்துணிக் கட்டம் கோணினால் எங்கே பார்ப்பது

"அக்கா, மெசின் சரியில்லை."

மூதூரில் இருந்து பஸ் ஏறி வந்த பிள்ளை, செருப்பைக் கழற்ற முதலே சொன்னது இதுதான். கையில் பெரிய பை. உள்ளே அறுபதுக்கு மேல் ஒட்டுத்துணிக் கட்டங்கள், அதாவது சின்னச் சின்னத் துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள். ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்தால் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது, மறுபக்கம் காணாது.

"மெசின விடு பிள்ளை. வெட்டித் தைக்காமல் மிச்சம் வைச்ச துண்டு ஏதும் இருக்கா? அத எடு பாப்பம்."

இருந்தது. துணியை ஆறாக மடித்து, ஒரே வீச்சில் கத்தரிக்கோலால் வெட்டிய துண்டுகள். மேலே இருந்ததை அளந்தால் 2½ அங்குலம். அடியில் இருந்தது 2⅜. மெசின் பாவம்.

ஒட்டுத்துணி வேலையில் பிழை தெரிகிற இடம் ஒன்று, நடந்த இடம் வேறொன்று. அநேகமாக ஒரு படி பின்னால் இருக்கும். கட்டங்களை இணைக்கும்போது கண்ணில் படுவது, அயன் பிடித்தபோது நடந்திருக்கும். அயன் பிடிக்கும்போது தெரிவது, தைத்தபோது நடந்திருக்கும். தைக்கும்போது இடறுவது, வெட்டு மேசையில் நடந்திருக்கும். அதனால் கீழே எந்தக் குறைக்கும் மெசினைக் கடைசியாகத்தான் திறக்கச் சொல்வேன். உங்களுக்கு உள்ள குறையை மட்டும் தேடி வாசித்தால் போதும். முதலாவதை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

திருகோணமலை வெயிலில் யாருக்கு ஒட்டுப்போர்வை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாங்கள் நடுவில் பஞ்சு வைப்பதில்லை. மேலே ஒட்டுத்துணி, கீழே பழைய பருத்திச் சேலை, அவ்வளவுதான். கட்டில் விரிப்பாகவும் பிள்ளைகளைக் கிடத்துகிற விரிப்பாகவும் போகிறது. ஐப்பசி தொடங்கி தை வரை மழைக்குள் இருந்து கட்டம் தைத்து அடுக்கினால், சித்திரைக்குப் பிறகு நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வெளிநாட்டவர் வரும்போது விற்கலாம். அந்த மாரிக் கணக்குக்குள் முடிக்க வேண்டும் என்பதால்தான் வேகம் எங்களுக்குப் பெரிய விசயம்.

கட்டம் சொன்ன அளவுக்கு வரவில்லை

6½ அங்குலம் வரவேண்டிய கட்டம் 6¼ வருகிறது. அல்லது 6⅝ வருகிறது. வேறெதையும் தொட முதல் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டுங்கள். ஒரு சாண் நீளம் போதும். மூன்றையும் பக்கத்தோடு பக்கம் தைத்து, அயன் பிடித்து, நடுப்பட்டியின் அகலத்தை அளவுங்கள். மிகச் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீங்கள் தையலுக்கு விடுகிற விளிம்பு அகலம். கூடினால் விளிம்பு ஒடுக்கம்.

ஒட்டுத்துணியில் விளிம்பு கால் அங்குலம். சட்டை, பாவாடை தைத்துப் பழகிய கைக்கு அது மிகச் சின்னதாகத் தெரியும். நாங்கள் அரை அங்குலம், முக்கால் அங்குலம் விட்டுப் பழகியவர்கள். தவிர, சாதாரண மெசினில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு வைத்துத் தைத்தால் கால் அங்குலம் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. ஒரு மெசினில் 5/16 வரும், இன்னொன்றில் ஒரு நூலிழை குறையும். அதனால் பாதத்தை நம்பாமல் ஒரு வேலி போடுங்கள். இரும்பு அடிமட்டத்தைப் பாதத்துக்குக் கீழ் வைத்து, சில்லைக் கையால் சுற்றி ஊசியைக் கால் அங்குலக் கோட்டின் மேல் மெல்ல இறக்குங்கள். அடிமட்டத்தின் ஓரம் எங்கே நிற்கிறதோ, அந்த ஓரத்தை ஒட்டி மெசின் தட்டில் பிளாஸ்டரை நாலைந்து படையாக ஒட்டுங்கள். காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்டர்தான். படையாக ஒட்டினால் சின்ன மதில்போல நிற்கும். துணி அதைத் தொட்டுக்கொண்டே போனால் விளிம்பு பிசகாது. துணியை நகர்த்துகிற பல்லையும், கீழ்நூல் சுற்றிய பொபினின் மூடியையும் மறைத்து ஒட்டிவிடாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. தைத்துத் திருப்பி அயன் பிடிக்கும்போது துணியின் மடிப்பே கொஞ்சத்தைத் தின்னும். அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாகத் தைத்தால்தான் முடிவில் சரியாக வரும். வேலியை அந்த ஒரு இழைக்கு ஊசிப் பக்கமாகத் தள்ளி ஒட்டி, சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நடுப்பட்டி 1 அங்குலம் ஆகும்வரை செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

"ஒரு மில்லிமீற்றர் தானே, இழுத்துப் பிடித்துத் தைத்தால் போச்சு" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு வரிசையில் 8 கட்டம், ஒவ்வொன்றிலும் 3 துண்டு என்றால் 24 துண்டு, 23 தையல். விளிம்பு ஒரு மில்லிமீற்றர் கூடினால், ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணியும் ஒவ்வொரு மில்லிமீற்றர் இழக்கும். 23 தையலுக்கு 46 மில்லிமீற்றர். கிட்டத்தட்ட 2 அங்குலம் காணாமல் போகிறது. இழுத்துப் பிடித்து வருமா?

சோதனை சரியாக வந்தும் கட்டம் பிசகினால் வெட்டைப் பாருங்கள். கத்தரிக்கோல் என்றால் இரண்டு மடிப்புக்கு மேல் வெட்ட வேண்டாம். மடிப்பு கூடக்கூட அடித்துணி நழுவும். அச்சு வைத்து வெட்டுபவர்கள், கடதாசி மட்டையை விட்டுவிட்டுப் பழைய எக்ஸ்றே தாளில் அச்சு வெட்டுங்கள். மட்டையின் ஓரம் சோக்கு உரசி உரசித் தேயும், எக்ஸ்றே தாள் இலேசில் தேயாது. அச்சைச் சுற்றிக் கோடு போட்டால் கோட்டுக்கு வெளியே வெட்டாதீர்கள், கோட்டைத் தின்று உள்பக்கமாக வெட்டுங்கள். மொட்டைச் சோக்கின் கோடே ஒன்றரை மில்லிமீற்றர் இருக்கும்.

உருட்டி வெட்டுகிற கத்தி கிடைத்தால் வாங்குங்கள். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த சாமான் அது. அதற்குப் பிறகுதான் இந்த வேலை இவ்வளவு வேகமானது. 45 மில்லிமீற்றர் தகடு எங்கள் வேலைக்குப் போதும், நாலு மடிப்புத் துணியைக் கூசாமல் வெட்டும். ஆனால் கீழே அதற்குரிய விரிப்பு வேண்டும். கண்ணாடி மேசையிலும் தரை ஓட்டிலும் வைத்து உருட்டினால் தகடு ஒரே நாளில் மழுங்கும். பாவிக்காத நேரம் தகட்டை மூடி வையுங்கள், வீட்டில் சின்னதுகள் இருந்தால் சொல்லவே தேவையில்லை.

கடைசியாக ஒன்று. அளவு நாடாவால் வெட்டி அடிமட்டத்தால் சரிபார்க்காதீர்கள். கழுத்தில் பல வருடம் தொங்கிய நாடா நீண்டிருக்கும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவுகோல்.

மூலைகள் சந்திக்கவில்லை

அளவு சரி, ஆனால் நாலு துண்டு கூடுகிற இடத்தில் கோடு இடறுகிறது. இது அயன் மேசைக் குறை.

தையலின் உள்விளிம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் இங்கே விசயம். மேல் வரிசையின் விளிம்பு வலப்பக்கம் சாய்ந்து, கீழ் வரிசையின் விளிம்பு இடப்பக்கம் சாய்ந்தால், இரண்டையும் முகத்தோடு முகம் வைக்கும்போது இரண்டு மேடும் ஒன்றோடொன்று முட்டி, கதவும் நிலையும்போலப் பூட்டிக்கொள்ளும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்த இடத்தை உருட்டிப் பாருங்கள். மேடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் தடித்துத் தெரியும். பூட்டியிருந்தால் விரலுக்குச் சமமாக இருக்கும். கண்ணைவிட விரல் இதில் கெட்டி. பூட்டிய இடத்தில் குண்டூசி கூடத் தேவையில்லை.

எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ஒவ்வொரு தடவையும் யோசித்தால் வேலை ஓடாது. ஒரே விதி வையுங்கள்: எப்போதும் கடும் நிறத் துணியின் பக்கம். ஒன்பது துண்டுக் கட்டத்தில் இந்த விதி தானாகவே வேலை செய்யும். கடும்–வெளிர்–கடும் என்று தைத்த பட்டியில் விளிம்புகள் வெளிப்பக்கம் சாயும். வெளிர்–கடும்–வெளிர் பட்டியில் உள்பக்கம் சாயும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பூட்டு தானே விழும்.

ஏற்கனவே ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டீர்களா? பிரிக்க வேண்டாம். ஒரு வரிசையை மட்டும் எடுத்து, சாய்த்த விளிம்பைத் திருப்பி மறுபக்கம் அயன் பிடியுங்கள்.

தைத்த பட்டி வில்போல வளைகிறது

நீளப் பட்டி மூன்றைச் சேர்த்துத் தைத்து விரித்தால், வாழைப்பழம்போல வளைந்து கிடக்கும். இதற்கு மூன்று காரணம் நான் கண்டிருக்கிறேன். முதலாவதுதான் அதிகம்.

எங்கள் ஊரில் அயன் பண்ணுவதை மினுக்குவது என்போம். சட்டையை மினுக்கும்போது பெட்டியை முன்னும் பின்னும் இழுக்கிறோம். ஒட்டுத்துணியை மினுக்கக் கூடாது, அழுத்த வேண்டும். பெட்டியைத் தூக்கி, வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வைப்பது. தள்ளினால் துணி பெட்டியோடு போகும், பட்டி வளையும். முதலில் தைத்த படியே, விரிக்காமல், தையல் மேல் ஒருதடவை அழுத்துங்கள். நூல் துணிக்குள் படியும். பிறகு விரித்து, நல்ல பக்கத்தில் இருந்து அழுத்துங்கள். உள்பக்கத்தில் இருந்து அழுத்தினால் தையலோரத்தில் ஒரு சின்ன மடிப்பு பதுங்கிக்கொண்டு நிற்கும். அந்த மடிப்பும் கட்டத்தின் அளவைக் குறைக்கும்.

இரண்டாவது காரணம் தைத்த திசை. எல்லாத் தையலையும் மேலிருந்து கீழாகத் தைத்தால் மேல்துணியும் கீழ்த்துணியும் ஒரே பக்கமாக இழுபட்டு வரும். முதல் தையலை ஒரு முனையில் தொடங்கினால் அடுத்ததை மறுமுனையில் தொடங்குங்கள்.

மூன்றாவது, கை. பாதத்துக்குப் பின்னால் துணியை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய மெசினில் பழகிய பழக்கம். விடுங்கள், துணியைக் கொண்டுபோவது பல்லின் வேலை.

பட்டி வளையாமல், நடுவில் மட்டும் முழங்கைபோல முறிந்து நின்றால் அது வேறு குறை: மடித்த துணியை மடிப்புக்குச் செங்குத்தாக வெட்டவில்லை. அந்தப் பட்டியைத் திருத்த முடியாது. முறிந்த இடத்தில் வெட்டி, இரண்டு குட்டைப் பட்டியாகப் பாவியுங்கள்.

முக்கோணம் இழுபடுகிறது, கூர் தொலைகிறது

முக்கோணத்தில் ஒரு ஓரம் மூலைவாட்டில் வெட்டுப்படும். நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் பிடித்துக்கொள்ளாத அந்த ஓரம் ரப்பர்போல நீளும். தொட்டாலே நீளும். முக்கோணமாக வெட்டி வைத்துத் தைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: முக்கோணமாக வெட்டாதீர்கள். சதுரமாகவே தைத்து, பிறகு வெட்டுங்கள்.

முடிவில் 3 அங்குல முக்கோணச் சோடிச் சதுரம், அதாவது இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம், வேண்டும் என்று வையுங்கள். கடும் நிறத்தில் ஒன்று, வெளிர் நிறத்தில் ஒன்று, 4 அங்குலச் சதுரம் இரண்டு வெட்டுங்கள். முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இருபக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டுங்கள். இரண்டு சோடி கிடைக்கும். அழுத்தி, 3½ அங்குலத்துக்குச் சீவுங்கள். சீவும்போது அடிமட்டத்தின் 45 பாகைக் கோடு தையலின் மேல் கிடக்க வேண்டும்.

நிறைய வேண்டும் என்றால் 8 அங்குலச் சதுரம் இரண்டு எடுத்து, இரண்டு மூலைக் கோட்டையும் இழுத்து, ஒவ்வொரு கோட்டின் இருபக்கமும் தையுங்கள். மொத்தம் நாலு தையல். பிறகு நடுவில் குறுக்காகவும் நெடுக்காகவும் வெட்டி, மூலைக் கோடுகளிலும் வெட்டினால் எட்டுச் சோடி உதிரும். முதல்தடவை செய்பவர்கள் சிரிப்பார்கள், மந்திரம்போல இருக்கும். 8-ஐ வேறு அளவுக்கு மாற்ற: முடிவு அளவோடு 1 அங்குலம் கூட்டி, இரண்டால் பெருக்குங்கள்.

துணி தொளதொளப்பாக இருந்தால் கஞ்சி போடுங்கள். போத்தலில் விற்கிற பசையைத் தேடி அலைய வேண்டாம், சோறு வடித்த கஞ்சி போதும். ஆறவிட்டு, துணியால் வடித்து, தண்ணீர் கலந்து மோர்த் தண்ணீர் பதத்துக்கு இளக்குங்கள். துணியை நனைத்துப் பிழிந்து, நிழலில் காயவிட்டு, ஈரப்பதம் கொஞ்சம் இருக்கையில் அயன் பிடியுங்கள். கடதாசிபோல நிற்கும், வெட்டுகிற கைக்கும் சுகம். ஆனால் வெட்ட முதல் போட வேண்டும். வெட்டிய துண்டை நனைத்தால் அதுவே கோணும். அப்புறம், மாரியில் கஞ்சி போட்ட துணியை அடுக்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் தேடி வரும். அந்தக் கிழமை தைக்கப்போகிற துணிக்கு மட்டும் போடுங்கள். விரிப்பு முடிந்ததும் ஒருமுறை அலசி எடுங்கள்.

கூர் தொலைவதற்கு: இரண்டு கட்டத்தை இணைக்கும்போது உள்பக்கம் பாருங்கள். தையல்கள் ஒன்றையொன்று வெட்டி ஒரு பெருக்கல் குறி தெரியும். உங்கள் தையல் அந்தக் குறியின் நடுவில் போக வேண்டும், அல்லது ஒரு இழை வெளியே, துணியின் ஓரப் பக்கமாக. உள்ளே போனால் கூர் அறுந்தது. குறி தெரிகிற துணியை மேலே வைத்துத் தைத்தால் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

தொடங்கும்போது மெசின் துணியை விழுங்குகிறது

துண்டின் மூலை ஊசித் துளைக்குள் இழுபட்டு, நூல் சிக்கி, துணி கிழிந்து வரும். இதைத் தீர்க்க ஒரு கிழிசல் துணி போதும்.

இரண்டு அங்குலக் கழிவுத் துணியை இரண்டாக மடித்து முதலில் அதைத் தையுங்கள். அதன் கடைசிவரை வந்ததும் நூலை வெட்டாமல், பாதத்தையும் தூக்காமல், அடுத்து உண்மையான துண்டைக் கொடுங்கள். பிடிக்க ஏற்கனவே துணி இருப்பதால் மெசின் விழுங்காது. அது முடிந்ததும் இன்னொன்று, இன்னொன்று. மல்லிகைச் சரம்போல துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நூலில் தொங்கி வரும். முடிவில் திரும்பவும் ஒரு கழிவுத் துணியைத் தைத்துவிட்டு, அதற்கு முன்னால் வெட்டிச் சரத்தை எடுங்கள். கழிவு மெசினிலேயே நிற்கட்டும், அடுத்த சரத்துக்குத் தொடக்கம் அதுதான்.

நூலும் மிச்சம். ஒவ்வொரு தையலுக்கும் மேலும் கீழும் நாலு நாலு அங்குலம் இழுத்து வெட்டுகிறோம் என்றால் 100 தையலுக்கு 800 அங்குலம், அதாவது 20 மீற்றர் நூல் குப்பைக் கூடைக்குப் போகிறது.

கழிவுத் துணி வைத்தும் விழுங்கினால் ஊசியை மாற்றுங்கள். சாதாரண பருத்திக்கு 12 ஆம் நம்பர் போதும். ஜீன்ஸ் தைத்த 16 ஆம் நம்பரோடு இதைத் தைக்க உட்காராதீர்கள். எட்டு மணி நேரம் தைத்தால் ஒரு ஊசி முடிந்தது என்று வையுங்கள். ஊசிக்குக் கஞ்சத்தனம் பார்த்து, சிக்கிய துணியைக் கழற்ற அரை நாள் செலவழிப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கண்ணாடியிலும் கண்டிருக்கிறேன்.

சுருக்கம், நூல் குவிவு

கீழே நூல் வலைபோலக் குவிந்தால் பொபினை நோண்டாதீர்கள். மேல்நூல்தான் சரியாகக் கோர்படவில்லை. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முதலில் இருந்து கோருங்கள். பாதம் இறங்கியிருந்தால் இறுக்கத் தட்டுகள் மூடிக்கொண்டு நூலை உள்ளே விடாது. மேலே பொபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீற்றர், பழைய மெசினில் அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல்.

எல்லாம் சரியாக இருந்தும் தையலோரம் சுருங்கினால் துணியைச் சந்தேகியுங்கள். கிலோக் கணக்கில் வாங்குகிற தொழிற்சாலை வெட்டுத்துணியில் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்து கிடக்கும். தனிப் பருத்தி என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு ஒரு மூட்டையே தந்தார்கள். தைத்து முடித்துத் தோய்த்தபோதுதான் பாதி சுருங்கியது, பாதி அப்படியே நின்றது. இப்போது ஒவ்வொரு துணியிலும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுகிறேன். கடதாசி எரிகிற மணம் வந்து சாம்பலானால் பருத்தி. உருகி முனையில் கெட்டி மணியாக உருண்டால் பொலியெஸ்டர். பருத்தியை வெட்ட முதல் ஒருதடவை தோய்த்துச் சுருங்க விடுங்கள்.

ஒரு பிழையும் இல்லை, ஆனால் வேலை ஓடவில்லை

இதுதான் அதிகம் பேர் கேட்கிற குறை. ஒரு நாள் ஒரு கொப்பியும் மணிக்கூடும் பக்கத்தில் வைத்து, எத்தனை தரம் கதிரையை விட்டு எழும்புகிறீர்கள் என்று கோடு போடுங்கள். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு எட்டுத் தரம். தைக்கிறது, எழும்பி அயன் மேசைக்குப் போகிறது, திரும்பி வருகிறது, அடுத்த துண்டைத் தேடுகிறது.

ஒன்பது துண்டுக் கட்டத்தை எடுங்கள். துண்டு துண்டாக வெட்டித் தைத்தால் ஒரு கட்டத்துக்கு 8 தையல், 16 கட்டத்துக்கு 128. அதையே பட்டியாகச் செய்யுங்கள். 45 அங்குல அகலத் துணியில் 2½ அங்குலப் பட்டிகள் வெட்டி, கடும்–வெளிர்–கடும் பட்டித்தொகுதி இரண்டு, வெளிர்–கடும்–வெளிர் ஒன்று தையுங்கள். ஆறு நீளத் தையல். ஒவ்வொரு தொகுதியையும் குறுக்கே 2½ அங்குலமாக வெட்டினால் கரை போக 16 துண்டு. முதல் வகையில் 32, இரண்டாவது வகையில் 16. கட்டத்துக்கு முதல் வகை இரண்டும் நடுவில் இரண்டாவது வகை ஒன்றும் வைத்தால் 16 கட்டம், 32 தையல். ஆக 38. இந்த 32-ஐயும் சரமாகத் தைக்கலாம். குறுக்கே வெட்டுவதால் தையல் முனை பிரியாமல் இருக்க, தையல் நீளத்தை 2 மில்லிமீற்றருக்குக் குறையுங்கள்.

பிறகு வேலையைப் பிரியுங்கள். ஒரு நாள் வெட்டு மட்டும். ஒரு நாள் தையல் மட்டும். அயன் எல்லாம் சேர்த்து ஒரே இருப்பில். வெட்டிய துண்டுகளை நிறவாரியாக அடுக்கி, நடுவில் ஒரு நூலைக் கோர்த்து முடிச்சுப் போட்டு வையுங்கள். மே, யூன் மாதத்தில் கச்சான் காற்று வீசும்போது விறாந்தையில் வெட்டிய 2½ அங்குலத் துண்டுகள் பக்கத்து வீட்டு முருங்கை வரைக்கும் போன கதை எனக்கு உண்டு.

மின்சாரம் நின்றால் வேலையை நிறுத்தாதீர்கள். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில் கால்மெசின் வைத்திருந்தவர்கள் தைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அயனுக்குப் பதில், தையலை விரித்துப் பலகையில் வைத்து, அகப்பைக் காம்பின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். கட்டம் முடியும்வரை அது தாங்கும். சிரட்டைக்கரிப் பெட்டி வீட்டில் இருந்தால் அதுவும் நல்லது, சாம்பல் பறந்து வெள்ளைத் துணியில் விழாமல் வாசலுக்கு வெளியே ஒருதரம் ஊதிவிட்டு வாருங்கள்.

வெள்ளையில் சிவப்பு இறங்கியது, துரு பிடித்தது

சிவப்பு, மரூன், கடும் நீலம், கறுப்பு. இந்த நாலையும் நம்ப வேண்டாம். துணியின் மூலையில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அயனால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அதற்குப் பிறகும் ஒட்டினால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள், கடும் நிறங்களோடு மட்டும் தையுங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் பிடிக்கும் என்று எங்கள் அம்மா காலத்தில் இருந்து சொல்லி வருகிறார்கள். இன்றைய கடைத்துணிக்கு அது பிடிப்பதில்லை.

துரு எங்கள் கடற்கரைக்கே உரிய வருத்தம். குண்டூசி குத்திய கட்டத்தை மாரியில் இரண்டு கிழமை விட்டால் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு மண்ணிறப் புள்ளி. தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து, நன்றாக அலசினால் வெள்ளையில் போகும். நிறத்துணியில் முதலில் ஒரு மூலையில் பாருங்கள், நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

தைத்து முடிந்துவிட்டது, ஒன்றும் ஒன்றோடு பொருந்தவில்லை

இனி மூதூர்ப் பிள்ளையின் பைக்கு வருகிறேன். அவள் தையல் பிரிக்கும் கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அறுபது கட்டத்தைப் பிரித்துத் திரும்பத் தைப்பதைவிட வேறு துணி வாங்குவது லாபம்.

முதலில் எல்லாவற்றையும் அளந்து மூன்றாகப் பிரித்தோம். 6¼-இல் இருந்து 6⅜-க்குள் இருந்தவை ஒரு குவியல். அவை பெரும்பாலானவை. எல்லாவற்றையும் 6¼-க்குச் சீவினோம். கட்டம் 6½ ஆகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் போதும். விரிப்பு கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான்.

6¼-க்குக் கீழே இருந்தவை பதினெட்டு. இவற்றைச் சீவினால் கூர் எல்லாம் போய்விடும். இவற்றின் நாலு பக்கமும் 1½ அங்குலப் பட்டி ஒன்றைச் சட்டமாகத் தைத்து, பிறகு இந்தப் பதினெட்டையும் 7½-க்குச் சீவச் சொன்னேன். சின்னக் கட்டத்துக்குச் சட்டம் கொஞ்சம் அகலமாகத் தெரியும், பெரிய கட்டத்துக்கு ஒடுக்கமாகத் தெரியும். மூன்றாவது குவியல், வைரம்போலச் சரிந்து கிடந்த நாலே நாலு கட்டம். அவை தலையணை உறைக்கு.

"அப்ப அந்தச் சட்டம் ஒண்டு அகலம், ஒண்டு ஒடுக்கம் எண்டு பாக்கிற ஆக்களுக்குத் தெரியாதா அக்கா?"

சட்டத்துக்கும் கட்டங்களுக்கு இடையில் போகிற பட்டிக்கும் ஒரே துணியை எடுத்தால் தெரியாது. சட்டம் எங்கே முடிகிறது, இடைப்பட்டி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கட்டங்கள் ஒரே நிறத்தின் மேல் மிதக்கிறதுபோல இருக்கும். கடும் நீலம் எடுக்கச் சொன்னேன். முதலில் ஈரத்துணி வைத்துச் சாயம் பார்க்கச் சொல்லியும் விட்டேன்.